தொழிற்பேட்டைக் கூடத்தை இளைஞர் இசைக்கூடமாக மாற்றுவது எப்படி? மும்பைக்கான முழுமையான வழிகாட்டி

மும்பையில் பாடுவதற்குத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடுவதற்கு ஓர் அறைதான் இல்லை. தாராவியில் தமிழும் இந்தியும் கலந்து ராப் எழுதுகிறார்கள், பறை பழகுகிறார்கள், டிரம்ஸை எங்கே வைத்து வாசிப்பது என்று தெரியாமல் சட்டிபானை போல வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சயானில் இருக்கும் சண்முகானந்தா அரங்கம் 2,700 பேருக்கு மேல் உட்காரக்கூடியது. முதல் பாட்டை எழுதியிருக்கும் பையன் அங்கே மேடையேற முடியாது. மறுமுனையில் இருப்பவை மதுக்கூடங்கள். மகாராஷ்டிரத்தில் பியருக்கும் ஒயினுக்கும் 21 வயது, மற்ற மதுவகைகளுக்கு 25 வயது என்று சட்டம் இருப்பதால், அவனுடைய நண்பர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். இவை இரண்டுக்கும் நடுவே 150, 170 பேர் நின்று கேட்கும் கூடம் வேண்டும். அப்படி ஒன்றை அமைக்க நினைக்கும் இளைஞர் மன்றத்துக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் இந்த வழிகாட்டி.

கணக்குப் போட வசதியாக 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்கிறேன். செலவைப் பற்றி ஒரே ஒரு கருத்து எனக்கு உண்டு: பணத்தில் பெரும்பகுதி சுவருக்குள்ளும் கதவிலும் கூரையிலும் போக வேண்டும். சுவர் ஓவியமும் நியான் எழுத்தும் பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம்.

முதல் படி: எந்தக் கூடத்தை எடுப்பது

குர்லா, வடாலா, சயான், தாராவி ஓரங்களில் இருக்கும் தொழிற்பேட்டைக் கூடங்களை மும்பைக்காரர்கள் ‘காலா’ என்பார்கள். தையல், தோல், அச்சு வேலை நடந்த இடங்கள். உயரம் உண்டு, ஜன்னல் குறைவு, தரை பாரம் தாங்கும். இசைக்கு இவற்றைப் பயன்படுத்துவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. லோயர் பரேலில் மதுராதாஸ் மில் வளாகத்துக் கிடங்கு ஒன்றில்தான் 2007-இல் புளூ ஃபிராக் என்ற இசைக்கூடம் வந்தது. மகாலக்ஷ்மியில் லக்ஷ்மி மில் வளாகத்துக்குள் ஜி5ஏ என்ற கருப்புப் பெட்டி அரங்கம் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது முதலில் தலையை நிமிர்த்துங்கள். அரை மில்லிமீட்டர் தகரம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ; 15 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் 360 கிலோ. ஒலியைத் தடுப்பது பெரும்பாலும் எடைதான். எடை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுபடும். தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள 90 மடங்கு வேறுபாடு கணக்குப்படி 39 டெசிபல். தகரக் கூரையைச் சரிசெய்யப் பெரும் செலவாகும். அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரத்தின் மேல் மழை வாசிக்கும் கச்சேரிதான் உங்கள் கச்சேரியைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆகவே தரைத்தளம், 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். இந்த மூன்றும் இல்லாத இடத்தை வாடகை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

அடுத்து, சுற்றி 100 மீட்டருக்குள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இருந்தால் அது அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், விட்டுவிடுங்கள். தீயணைப்பு வண்டி வாசல் வரை வர வேண்டும், இரண்டு வெவ்வேறு பக்கங்களில் சந்து இருக்க வேண்டும்.

கூடத்தின் நடுவே தூண் இருந்தால் பேரம் பேசலாம், பயப்பட வேண்டியதில்லை. மான்செஸ்டரில் 1982-இல் திறந்த ஹசியெண்டா என்ற இசை விடுதி, படகு விற்பனைக் கூடமாக இருந்த கட்டடம். ஆடும் தளத்தில் இரும்புத் தூண்கள் நின்றன. வடிவமைத்த பென் கெல்லி அவற்றை மறைக்கவில்லை. தொழிற்சாலைகளில் எச்சரிக்கைக்கு அடிக்கும் மஞ்சள், கறுப்புப் பட்டைகளை அவற்றின் மேல் அடித்தார். யாரும் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த அந்தப் பட்டைதான் பிறகு அந்த இடத்தின் அடையாளமானது. ஒன்றை மட்டும் பாருங்கள்: தூண் மேடையை மறைக்கும் இடத்தில் நிற்கக் கூடாது.

இரண்டாம் படி: சத்தத்தை உள்ளே வைத்திருப்பது

ஓர் இசைக்கூடத்தை மூட வைக்கக்கூடியது பக்கத்து வீட்டின் புகார். அதனால் இந்தப் படியில் நிதானமாக நிற்போம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. தனியார் இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. தாராவி போன்ற இடத்தில் தொழிலும் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே குடியிருப்பு வரம்பையே இலக்காக வையுங்கள்: எல்லையில் பகலில் 60, இரவில் 50. உள்ளே 100 டெசிபலில் இசை ஓடினால், இரவில் 50 டெசிபலைக் கட்டடம் விழுங்க வேண்டும். நன்றாகப் பூசிய 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் ஏறத்தாழ அதைச் செய்யும். எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்குகளை (காற்றுக்குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கற்களை) ஒப்பந்ததாரர் பரிந்துரைப்பார். இந்த வேலைக்கு அந்த எடைக்குறைவே குறை.

சுவர் நன்றாக இருந்தும் சத்தம் போகிறது என்றால் ஓட்டையைத் தேடுங்கள். 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள முகப்புச் சுவரில் 3 மீட்டர் ரோலிங் ஷட்டர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. மொத்தச் சுவரில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஒரு கோட்டினால் 50 டெசிபல் தடுக்கும் சுவர் 30 டெசிபல் தடுக்கும் சுவராகிவிடும். ஷட்டரின் தகரம் தனிக் கதை. ஆகவே ஷட்டருக்குப் பின்னால் செங்கல் சுவர் எழுப்புங்கள். நுழைவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், நடுவே இரண்டு மீட்டர் அறை. உள்கதவு மூடிய பிறகுதான் வெளிக்கதவு திறக்கும்படி ஆட்களைப் பழக்க வேண்டும். கதவுகள் கனமாக, நான்கு பக்கமும் ரப்பர் பட்டையோடு இருக்கட்டும். மின்கம்பி போகும் துளை, பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் சதுரம், கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பிளவு எல்லாவற்றையும் அடையுங்கள். எளிய சோதனை ஒன்று: பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் வரும் வழியாகவெல்லாம் சத்தமும் போகும்.

இனி அடித்தொனி, அதாவது ‘பாஸ்’. “தம்பி, பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை. ஆனால் கட்டிலில் படுத்தால் நெஞ்சில் இடிக்கிறது” என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னால், அவர் மிகைப்படுத்தவில்லை. விதிகள் அளக்கச் சொல்வது ‘ஏ’ அளவுகோலில். அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸில் வரும் ஒலியை 26 டெசிபல் குறைத்துக் காட்டும். ஒலி அளக்கும் மீட்டர் 50 என்று சட்டத்துக்கு உட்பட்டு நிற்கும்போது, அடித்தொனிக்கான பெரிய ஒலிபெருக்கியான சப்வூஃபரின் அதிர்வு அத்தையின் கட்டிலில் நிற்கும். அடித்தொனியை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ அளவுகோலையும் மீட்டரில் வைத்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் பெரிதானால் பிரச்சினை அடித்தொனியில் இருக்கிறது.

அதற்கு மருந்து அறைக்குள் அறை. செங்கல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, அதைத் தொடாமல், இரண்டடுக்கு ஜிப்சம் போர்டில் உள்சுவரும் உள்கூரையும், இடைவெளியில் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு). சட்டங்கள் ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்க வேண்டும். ஒரே ஓர் ஆணி இரண்டு சுவரையும் இணைத்துவிட்டால் அதிர்வு அதன் வழியே கடந்துவிடும். தச்சர் வேலை செய்யும்போது கூடவே நில்லுங்கள். சப்வூஃபர்களைத் தரையில் நேராக வைக்காமல் தடித்த ரப்பரின் மேல் வையுங்கள். வீடுகள் உள்ள பக்கத்துக்கு அவை முதுகைக் காட்டட்டும். சப்வூஃபர்களைப் பின்பக்க ஒலி ஒன்றையொன்று அழிக்கும்படி அடுக்கும் முறையும் உண்டு, வாடகைக்கு ஒலியமைப்பு தருபவர்களில் விவரம் தெரிந்தவர் செய்து கொடுப்பார்.

உள்சுவர்களைக் கழற்றி மாட்டும் துண்டுகளாகச் செய்யச் சொல்லுங்கள். மறுசீரமைப்பு நடக்கும் இடங்களில் குத்தகை எத்தனை ஆண்டு நிற்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். போல்ட்டைக் கழற்றி அடுத்த கூடத்துக்கு எடுத்துப்போக முடிய வேண்டும்.

மூன்றாம் படி: உள்ளே சொல் தெளிவாகக் கேட்பது

சத்தம் வெளியே போகாமல் தடுப்பதும் உள்ளே நன்றாகக் கேட்க வைப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதற்கு எடை வேண்டும், இரண்டாவதற்கு மென்மை வேண்டும். கடைக்காரர் விற்கும் ஃபோம் இரண்டையும் செய்யும் என்று நம்பிப் பணத்தை இழந்த கூடங்கள் ஏராளம்.

இங்கே உதவுவது ஒரு பழைய சூத்திரம். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை என்று இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபீனிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். கிடைத்த விதி: எதிர்முழக்கக் காலம் என்பது கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உட்கவர் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது விழுங்கும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டியதால்) வகுத்தால் வருவது.

நம் கூடம் 900 கன மீட்டர், உள்பரப்பு 640 சதுர மீட்டர். வெறும் செங்கல், சிமெண்ட் ஒலியில் 3 சதவீதம்தான் உட்கவரும். மொத்தம் 19 சதுர மீட்டர். சூத்திரத்தில் போட்டால் ஏழரை வினாடிக்கும் மேல். ராப் பாடகர் ஒரு வினாடியில் ஐந்தாறு அசைகள் சொல்லுவார்; ஏழரை வினாடியில் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும். ஒலிபெருக்கி இசைக்கு இந்த அளவுக் கூடத்தில் 0.6 வினாடி அளவுக்கு இறக்க வேண்டும். உள்கூரை 180 சதுர மீட்டர் முழுவதும் 10 சென்டிமீட்டர் ராக்வூல், மேலே இடைவெளி விட்டுத் தொங்கட்டும். மேடைக்கு எதிர்ச் சுவரில் இன்னொரு 50 சதுர மீட்டர். உட்கவர் அளவு 90 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 219 சதுர மீட்டர்; காலம் 0.66 வினாடி. ஆட்கள் நிரம்பினால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கு நடுத்தர ஒலிகளுக்கு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். 63 ஹெர்ட்ஸுக்கோ ஐந்தரை மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் ஃபோமும் திரைச்சீலையும் முட்டை அட்டையும் அவ்வளவு நீள அலைக்கு இருப்பதே தெரியாது. உண்மையில் அவை நிலைமையை மோசமாக்கும்: மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அடித்தொனியை முழங்க விட்டுவிடும், சொற்கள் மங்கும். கூட்டம் நிறைவதும் அடித்தொனிக்கு அதிகம் உதவாது. மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை அரை மீட்டருக்குக் குறையாத தடிமனில் ராக்வூல் அடையுங்கள். இரண்டாம் படியில் போட்ட ஜிப்சம் சுவரும் தானே அதிர்ந்து கொஞ்சம் அடித்தொனியை விழுங்கும். ஒரே செலவில் இரண்டு பயன் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான்.

ராக்வூலைக் கண்ணாடி இழைத் துணியால் மூடி, அதன்மேல் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்த பருத்தித் துணி. மழைக்காலத்தில் கூடத்தைப் பூட்டியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டம் விடுங்கள்.

பறைக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒலிபெருக்கியே இல்லாமல் நாலு பறை இந்தக் கூடத்தை நிரப்பிவிடும். மைக் வைக்காதீர்கள், ஆட்டக்காரர்கள் சுற்றி வர இடம் விடுங்கள்.

நான்காம் படி: தீ

இதில் மட்டும் யார் சொல்லியும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி, சுவரில் ஒலிக்காக ஒட்டிய ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடினார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் இரவு விடுதியில் அதே கதை, கூரையின் ஃபோம், நச்சுப் புகை, 242 உயிர்கள். நம் ஊரில் கமலா மில்ஸ்: 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து, மாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர். பலர் கழிப்பறைக்குள் ஒதுங்கி மூச்சடைத்து இறந்தார்கள்.

இவற்றிலிருந்து வரைபடத்துக்கு நேராக வரும் கட்டளைகள் சில. பாலியூரித்தேன் ஃபோம் ஒரு துண்டுகூட உள்ளே வரக் கூடாது. வாணவேடிக்கை, பொறி தெறிக்கும் கருவி எதுவும் கிடையாது, பிறந்தநாள் கேக்கின் மேல் வைக்கும் மத்தாப்பு உட்பட. வெளியேறும் வழிகள் எதிரெதிர்த் திசைகளில் குறைந்தது இரண்டு, அதில் ஒன்று மேடைப் பக்கம். 2 மீட்டர் அகலம் வையுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உடம்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குத் தண்டு இருக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் ஆட்கள் நுழைகிறார்கள் என்று பின்கதவில் பூட்டுத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பூட்டுக்குப் பதில் ஓர் ஆளை நிறுத்துங்கள். கழிப்பறையை முட்டுச் சந்தில் வைக்காமல், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் வையுங்கள். அபாய மணி அடித்தவுடன் இசை தானே நின்று, வெள்ளை விளக்குகள் எரிய வேண்டும். இருட்டில் உரத்த இசைக்கு நடுவே மணி யாருக்கும் கேட்காது.

எத்தனை பேரை விடலாம்? நெருங்கி நிற்கும் கூட்டத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் என்று கணக்கிடுங்கள். மேடை, முன்னறை, ஒலியைச் சரிசெய்பவரின் ஒலிமேசை, கழிப்பறை போக நம் கூடத்தில் நிற்க 110 சதுர மீட்டர் மிஞ்சும், 169 பேர். 170-ஆவது ஆள் உங்கள் சித்தப்பா மகனாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: மேடையும் கூட்டமும்

பெரும்பாலோர் குறுகிய சுவரில் மேடை போடுவார்கள். அப்படிச் செய்தால் கடைசி வரிசை 14 மீட்டர் தள்ளிப் போகும். நீண்ட சுவரின் நடுவில் போடுங்கள். மேடைக்கு நேர் எதிரே நிற்பவர் ஆறேழு மீட்டருக்குள் இருப்பார். ராப் என்பது முகம் பார்த்துக் கேட்க வேண்டிய கலை. ஜுஹுவில் பிருத்வி அரங்கம் 1978 முதல் வெறும் 200 இருக்கைகளோடு, மூன்று பக்கமும் பார்வையாளர் சூழ்ந்த மேடையோடு நடக்கிறது. அதன் பலமே அந்த அருகாமை. புளூ ஃபிராக்கில் சீரி கட்டடக் கலைஞர்கள் வேறு வழி கண்டார்கள்: வட்ட வட்டமான இருக்கைத் தொட்டிகளை வெவ்வேறு உயரத்தில் அமைத்து, உணவகத்தையும் அரங்கையும் ஒன்றாக்கினார்கள். அழகான தீர்வு. ஆனால் அது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்களுக்கானது, நம் பிள்ளைகள் நிற்பார்கள்.

மேடை உயரம் 60 சென்டிமீட்டர் போதும். இரண்டுக்கு ஒன்று மீட்டர் பலகை மேடைகளைச் சேர்த்துப் போட்டால், வட்டமாக நின்று மாறி மாறிப் பாடும் நாட்களில் அவற்றை ஓரங்கட்டிவிடலாம். ஒலிமேசை கூட்டத்துக்கு நடுவே, மையத்தில் இருக்கட்டும். மூலையில் நின்று ஒலியைச் சரிசெய்பவர் மூலைக்கான ஒலியைத்தான் தருவார். உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை வைத்துப் பூட்டிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த அளவு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். காதுக்கு ஓய்வு தர அமைதியான இடமும் அதே பரிந்துரையில் உண்டு.

ஆறாம் படி: வெப்பமும் மின்சாரமும்

ஆடுகிற ஒருவர் சுமார் 250 வாட் வெப்பம் விடுவார். 169 பேருக்கு 42 கிலோவாட், அதாவது 12 டன் ஏ.சி., மும்பையின் ஈரப்பதத்தைச் சேர்க்காமலே. ஏ.சி. குழாய் வழியாகச் சத்தம் தப்பும் என்பதால் குழாய்க்குள் ஒலி உறிஞ்சும் உறையும் இரண்டு வளைவுகளும் வேண்டும். வெளியிலிருந்து புதுக் காற்று கட்டாயம். மும்முனை இணைப்பில் ஒலிக்குத் தனி வரிசை, விளக்குக்கும் ஏ.சி.க்கும் தனி வரிசை, நல்ல எர்த். இல்லையென்றால் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒலிபெருக்கி ரீங்காரமிடும்.

ஏழாம் படி: பெண் பிள்ளைகள் வருவார்களா

வரைபடத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த கடுமையான கேள்வி இதுதான். பெண்கள் கழிப்பறை ஆண்களுடையதைவிடப் பெரிதாக, தாழ்ப்பாளும் தண்ணீரும் சரியாக இருக்கிறதா? வாசலிலிருந்து சயான் அல்லது மாகிம் ரயில் நிலையம் போகும் வழியில் எந்த இடத்தில் இருட்டு? அந்த இடத்துக்கு விளக்குப் போடும் செலவை உங்கள் கணக்கிலேயே எழுதுங்கள். முன்னறையில் ஒரு டீக்கடை வையுங்கள், கண்ணாடிச் சாளரம் வழியாக உள்ளே நடப்பது தெரியட்டும். மகளை அழைத்துப்போக வரும் அம்மா அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டாவது முறை அவரே தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவார். மது விற்காததால் வருமானம் குறையும், உண்மைதான். அதற்கு ஈடாக, பகலில் கூடத்தை ஒத்திகைக்கும் நடன வகுப்புக்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம்.

நிகழ்ச்சியை மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். இரவு வரம்பும் கடைசி ரயிலும் வீட்டுத் திட்டும் ஒரேயடியாகத் தீரும்.

எட்டாம் படி: காகிதங்கள்

தொழிற்கூடத்தை மக்கள் கூடும் இடமாக மாற்ற மாநகராட்சியின் அனுமதி, தீயணைப்புப் படையின் தடையில்லாச் சான்று, காவல்துறையின் நிகழ்த்துரிமை உரிமம், டீக்கடைக்கு உணவு உரிமம், பிறர் பாட்டுகளை ஒலிக்க இசை உரிமம். குத்தகையில் கையெழுத்திடும் முன்பே ஒரு கட்டடக் கலைஞரை வைத்து முதல் இரண்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டப்படி, தீயணைப்புக் கருவிகள் சரியாக இருப்பதாக ஜனவரியிலும் ஜூலையிலும் உரிமம் பெற்ற முகவரிடம் ‘பி’ படிவச் சான்று வாங்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வெள்ளோட்டம்

டிக்கெட் விற்கும் முன் ஒரு மாலை முழு ஒலியில் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் ஒலிமேசையில், ஒருவர் எல்லைச் சுவரில், ஒருவர் அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள், மூவரும் மீட்டரோடு. எல்லையில் ‘ஏ’ அளவு 60-க்கு மேல் போனால் முதலில் கதவு ரப்பரையும் துளைகளையும் பாருங்கள். ‘ஏ’ சரியாக இருந்து வீட்டுக்குள் கட்டில் அதிர்ந்தால் சப்வூஃபரை 3 டெசிபல், 3 டெசிபலாக இறக்கிக்கொண்டே வந்து, வீட்டுக்காரர் போதும் என்று சொல்லும் இடத்தில் லிமிட்டரைப் பூட்டுங்கள். அடுத்து விளக்கை அணைத்து, அபாய மணியை அடித்து, உள்ளே இருக்கும் தொண்டர்கள் அனைவரும் இரண்டு கதவு வழியாகவும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அந்த மாலையே வீட்டுக்காரரிடம் ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது அந்தக் கைப்பேசி ஒலிமேசைக்காரரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், மன்றத் தலைவரிடம் அல்ல.